துலங்காத மரணமும் துப்பறிந்த கவிஞரும்

அச்சம் பிறக்கும் நிலைக்களம் நான்கு என்பர் தொல்காப்பியர். அணங்கும் விலங்கும் கள்வரும் இறையும் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே அமெரிக்க நாட்டில் வாழ்ந்த எட்கார் அலன் போ என்னும் புலவர், இந்நான்கனுள் அடங்காத ஓர் அச்சத்தைத் தம் எழுத்துக்குப் பொருளாக்கினார். காரணம் அறியப்படாத சாவு தரும் அச்சம் அது. நடுங்கவைக்கும் கதைகளை எழுதியவர் என்று அவரைச் சிலர் அறிவர். துப்பறியும் கதைக்குத் தந்தை என்று வேறு சிலர் அறிவர். இவ்விரு புகழும் ஒரே ஊற்றினின்று பிறந்தவை என்பது அவர் வாழ்க்கையை நோக்குவார்க்குப் புலனாகும். நியூயோர்க் நகரத்தை உலுக்கி இன்றுவரை துலங்காதிருக்கும் ஒரு பெண்ணின் மரணத்தை அவர் கதையாக்கிய வரலாறு, அதனை உணர்தற்கு ஏற்ற வாயிலாகும்.

இளமையும் இழப்பும்

எட்கார் 1809ஆம் ஆண்டு ஜனவரி 19ஆந் திகதி பொஸ்ரன் நகரிலே பிறந்தார். தந்தை தாய் இருவரும் நாடகமேடையை நம்பி வாழ்ந்தவர்கள். எட்கார் தவழும் பருவத்திலேயே தந்தை குடும்பத்தை விட்டகன்றார். தாயாராகிய எலிசபெத், பிள்ளைகளோடு ஊரூராகச் சென்று நடித்துவந்து, 1811ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே வேர்ஜீனியா மாநிலத்து றிச்மண்ட் நகரிற் காசநோயால் உயிர்நீத்தார். அப்போது எட்காருக்கு மூன்று வயதும் நிரம்பவில்லை.

தாயிழந்த பிள்ளைகள் மூவரும் வெவ்வேறு இல்லங்களிற் பிரிந்து வளர்ந்தனர். எட்காரை ஏற்றவர் ஜோன் அலன் என்னும் புகையிலை வணிகர். அவர் மனைவியாகிய பிரான்சிஸ் அக்குழந்தையிடத்துப் பேரன்பு காட்டினார். ஆயினும் வணிகர் அவரைச் சட்டப்படி மகனாக ஏற்றாரல்லர். ‘அலன்’ என்னும் பெயர் எட்காரின் பெயர்நடுவே நின்றது, உரிமை நிற்கவில்லை. 1815 முதல் 1820 வரை அக்குடும்பம் இங்கிலாந்தில் வாழ்ந்தமையின், எட்கார் லண்டனை அடுத்த பாடசாலைகளிற் பயின்றார். 1826ஆம் ஆண்டில் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து மொழிகளிலே திறமை காட்டினார். வளர்ப்புத் தந்தை அனுப்பிய பணம் போதாமையும், சூதாடிப் பட்ட கடனும் அக்கல்வியை ஓராண்டு நிரம்புமுன் முடித்துவைத்தன.

1827ஆம் ஆண்டில் அவர் எட்கார் பெறி என்ற புனைபெயரோடு படையிற் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே தம் பெயரை மறைத்து, பொஸ்ரன் நகரத்தான் ஒருவன் என்ற குறிப்போடு, முதற் கவிதை நூலை வெளியிட்டார். 1829ஆம் ஆண்டிலே வளர்ப்புத் தாயும் இறந்தார். அவர் முகத்தைக் கடைசியாகக் காணவும் எட்காருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பின்னர் வெஸ்ற் பொயின்ற் இராணுவக் கல்லூரியிற் புகுந்து, கடமை தவறிய குற்றத்தின்மேல் 1831ஆம் ஆண்டில் விலக்கப்பட்டார். 1834இல் ஜோன் அலன் மாண்டபோது, அவருடைய பெருஞ்செல்வத்தில் எட்காருக்கென ஒரு காசும் எழுதிவைக்கப்படவில்லை.

எழுத்தே தொழில்

பால்ரிமோர் நகரிலே தந்தையுடன் பிறந்தவராகிய மரியா கிளெம் என்னும் விதவையின் எளிய வீடு அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கிருந்து எழுதிய கதையொன்றுக்கு 1833ஆம் ஆண்டிலே வாரப் பத்திரிகையொன்று 50 டொலர் பரிசளித்தது. அதன்பின் எழுத்தே அவர் தொழிலாயிற்று. பரம்பரைச் செல்வமோ வேறு உத்தியோகமோ இன்றி எழுதுகோலையே நம்பி வாழ முயன்ற அமெரிக்க எழுத்தாளருள் அவர் முன்னோடி. றிச்மண்டிலும் பின்னர்ப் பிலடெல்பியாவிலும் சஞ்சிகைகளுக்கு ஆசிரியராயிருந்து, விமரிசனமும் கதையும் கவிதையும் ஓயாது எழுதினார். அவருடைய விமரிசனம் பகைவரைத் தேடித்தந்தது. அவ்வப்போது அவரைப் பற்றிய மதுப்பழக்கமும் கிடைத்த பதவிகளை நிலைக்கவிடவில்லை.

1836ஆம் ஆண்டில் அவர் அத்தையின் மகளாகிய வேர்ஜீனியாவை மணந்தார். மணமகனுக்கு வயது 27, மணமகளுக்கு 13. மணப்பத்திரத்திலே பெண்ணின் வயது 21 எனப் பொய்யாகப் பதியப்பட்டது. இதனை மறைத்து அவர் வாழ்க்கையை எழுதுதல் முறையன்று. அத்தையும் மருமகனும் மகளுமாகிய அச்சிறு குடும்பம் பட்டினியிலும் பிரியாது வாழ்ந்தது என்பதும் உண்மையே.

1841ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே, பிலடெல்பியாவில் வெளிவந்த கிறேயம் சஞ்சிகையில், றூ மோர்க் என்னும் வீதியிலே நடந்த கொலைகளைப் பற்றிய கதையை அவர் எழுதினார். பாரிஸ் நகரத்து இருண்ட வீடொன்றில் இருந்துகொண்டு, பொலிசார் மயங்கி நிற்கும் சிக்கலைச் சிந்தனை ஒன்றாலேயே அவிழ்க்கும் டுப்பான் என்னும் பாத்திரம் அக்கதையிற் பிறந்தது. பிற்காலத்திலே கொனன் டொயில் படைத்த ஷேர்லொக் ஹோம்ஸ் அந்த டுப்பானின் வழித்தோன்றலே. ஆரணி குப்புசாமி முதலியார் முதலியோர் ஆங்கிலக் கதைகளைத் தழுவித் தமிழில் எழுதிய துப்பறியும் நாவல்களின் மூலத்தைத் தேடிச் செல்வாரும் ஈற்றில் இக்கதையையே அடைவர்.

றூ மோர்க் கதையிலே கொலை செய்தது மனிதனன்று, விலங்கு. பூட்டிய அறையையும் கொலைகாரனையும் சாவியையும் தாமே படைத்துக்கொண்ட ஒருவர், அப்பூட்டைத் திறந்துகாட்டுதல் அரிதன்று. இந்த உண்மையை எட்கார் நன்கறிவார். தாமே முடிந்த முடிச்சைத் தாமே அவிழ்ப்பதிற் பெருமை என்ன உண்டெனப் பின்னர் நண்பரொருவருக்கு எழுதிய கடிதத்திற் கேட்டுமிருக்கிறார். பிறர் முடிந்த முடிச்சொன்று அவருக்கு விரைவிலே கிடைத்தது.

மேரி றோஜர்ஸ்

அக்காலத்திலே நியூயோர்க் நகரின் சனத்தொகை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டது. அத்துணைப் பெரிய நகரத்திற்கு ஒழுங்கான பொலிஸ் படை இருந்ததில்லை. இராக்காவலரும், பரிசுப் பணத்தை நோக்கி உழைக்கும் ஏவலாளருமே இருந்தனர். அந்நகரின் பிறோட்வே வீதியிலே ஜோன் அன்டர்சன் என்பவர் நடத்திய புகையிலைக் கடையில் மேரி றோஜர்ஸ் என்னும் இளம்பெண் வேலைபார்த்தாள். அவள் அழகைக் காணவே சுருட்டு வாங்க வருவோர் பலர். பத்திரிகையாளரும் எழுத்தாளரும் அவருள் இருந்தனர். 1838ஆம் ஆண்டில் அவள் சிலநாட் காணாமற்போய் மீண்டபோது, அதுவே பத்திரிகைச் செய்தியாயிற்று. பின்னர் அவள் கடையை விட்டு, நாசோ வீதியிலே தாயார் நடத்திய விடுதியில் அவருக்குத் துணையாயிருந்தாள்.

1841ஆம் ஆண்டு ஜூலை மாதம் 25ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை காலையில், உறவினர் வீட்டுக்குச் செல்வதாகத் தன்னை மணக்கவிருந்த டேனியல் பெயின் என்பவரிடஞ் சொல்லிவிட்டு மேரி வெளியே போனாள். மீளவில்லை. மூன்றாம் நாள், ஹட்சன் நதியின் மறுகரையாகிய ஹொபோக்கனை அடுத்து, அவள் உடல் நீரில் மிதக்கக் கண்டனர். கழுத்திலே துணி இறுக்கப்பட்டிருந்தது.

பத்திரிகைகள் நாள்தோறும் புதுப்புதுக் கொள்கைகளை வெளியிட்டன. கூட்டமாகத் திரிந்த காடையர் செய்த கொலை என்றது ஒன்று. கிடைத்த உடல் மேரியினுடையதே அன்று, அவள் உயிரோடிருக்கின்றாள் என்றது மற்றொன்று. பலர் ஐயத்தின்மேற் பிடிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர். ஆகஸ்ட் மாத இறுதியிலே, வீஹோக்கன் என்னும் இடத்திலே தவறணை நடத்திய பிரெடெரிக்கா லொஸ் என்பவரின் புதல்வர்கள், பற்றையொன்றினுள்ளே பெண்ணொருத்தியின் ஆடைகளும் வெயிற்குடையும் மேரியின் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த கைக்குட்டையும் கிடக்கக் கண்டனர். ஒக்டோபரில் டேனியல் பெயின் அப்பற்றைப் பக்கஞ் சென்று அபினி மருந்தைக் குடித்து மாண்டார். கொன்றவர் எவரென்பது தெரியவில்லை.

கதையான மரணம்

1842ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒருநாள் வேர்ஜீனியா பாடிக்கொண்டிருக்கையில், அவர் வாயினின்றும் இரத்தம் பாய்ந்தது. எட்காரின் தாயைக் கொண்ட காசநோயே மனைவியையும் பற்றியது. அதன்பின் ஐந்தாண்டுகளாக அவர் தேறுவதும் தளர்வதுமாயிருந்தார். ஒவ்வொரு முறையும் நம்பிக்கை தோன்றித் தோன்றி அழிந்தமையே தம் சித்தத்தைக் கலக்கியதென எட்கார் பின்னாளிற் கூறினார். அவ்வாண்டு வசந்த காலத்திலே கிறேயம் சஞ்சிகைப் பதவியும் நீங்கிற்று. மேரியின் சாவை அவர் கதையாக எழுதியது இத்தகைய நாட்களிலேதான்.

நியூயோர்க்கைப் பாரிசாகவும், ஹட்சனை செய்ன் நதியாகவும், புகையிலைக் கடையை வாசனைத் திரவியக் கடையாகவும் மாற்றினார். மேரி றோஜர்ஸ் மரி றொஜே ஆனாள். டுப்பான் வீட்டைவிட்டு அசையாது, பத்திரிகைகளையே படித்து ஆராய்கின்றான். இறந்தவரின் உடல் இத்தனை நாளிலேதான் மிதக்கும் எனப் பத்திரிகையொன்று விதித்த விதியை அவன் எடுத்துக்கொள்கின்றான். மனித உடலின் பாரம் யாது, நீரின் பாரம் யாது, நுரையீரலில் நீர் புகுவது எங்ஙனம், அழுகல் எப்போது தொடங்கும் என அடுக்கிக்கொண்டு போய், உடல் மிதக்கும் காலத்தை ஒரு விதியிலே அடக்கவொண்ணாது என நிறுவுகின்றான். பற்றையினுட் கிடந்த பொருள்கள் பல வாரங்கள் அங்கேயே கிடந்தன என்பதையும் மறுக்கின்றான். ஈரமும் வெப்பமும் கூடிய காலத்திலே புல் ஒருநாளில் எவ்வளவு வளரும் என்பதே அவன் காட்டும் ஏது. காடையர் கூட்டம் என்ற கொள்கையைத் தள்ளி, கொன்றவன் ஒருவனே என்றும், அவள் முன்னொரு முறை காணாமற்போனதற்குக் காரணனாயிருந்த கடற்படை உத்தியோகத்தன் அவனாகலாம் என்றும் சுட்டுகின்றான்.

இக்கதையிலே பேயில்லை, பாழ்மண்டபமில்லை. ஆயினும் ஒரு பெண்ணின் உடல் நீருள் எவ்வாறு மாறுமென்பதை நடுங்காத குரலிலே ஒருவன் எடுத்துரைத்துச் செல்கையில், படிப்பவர் உள்ளம் நடுங்குகின்றது. உணர்ச்சியை முற்றும் விலக்கிய அந்த நடையே இங்கே அச்சத்தை விளைக்கின்றது. சிறு வயதிற் கண்ட சாவும் அன்று வீட்டினுள் நின்ற சாவும் காரணங் கேளாமல் வந்தவை. அத்தகைய சாவையும் அறிவினால் அளந்துவிடலாம் என்ற ஆசை டுப்பானின் ஒவ்வொரு ஏதுவிலும் ஒலிப்பதாக யாம் கருதுகின்றோம்.

அழித்தெழுதிய இடங்கள்

1842ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எட்கார் இக்கதையைப் பத்திரிகாசிரியர் இருவருக்கு விலைகூறி எழுதினார். பொஸ்ரன் நகரத்தவருக்குக் கூறிய விலை 50 டொலர். பால்ரிமோர் நகரத்தவருக்கு 40 டொலர். உண்மைக் குற்றவாளியையே தாம் சுட்டியிருப்பதாகவும், மெய்யான விசாரணைக்கும் இது தூண்டுகோலாகுமென்றும் அவர்களுக்கு உறுதி கூறினார். இருவரும் ஏற்கவில்லை. ஈற்றில் நியூயோர்க்கில் வெளிவந்த பெண்கள் சஞ்சிகையொன்று அதனை மூன்று பகுதிகளாக வெளியிட இசைந்தது. முதற் பகுதி நவம்பரிலும் இரண்டாம் பகுதி டிசெம்பரிலும் வெளிவந்தன.

அந்த நவம்பரிலேயே எதிர்பாராதது நிகழ்ந்தது. தவறணைக்காரியாகிய பிரெடெரிக்கா லொஸ், தம் மகன் கையிலிருந்த துப்பாக்கி தவறி வெடித்தமையாற் காயமுற்று மாண்டார். மேரி ஒரு வைத்தியரோடு தம் தவறணைக்கு வந்தாள் என்றும், கருவைக் கலைக்க முயன்றபோது இறந்தாள் என்றும் அவர் சாகுந் தறுவாயிற் கூறியதாக நியூயோர்க்கின் ரிறிபியூன் பத்திரிகை எழுதியது. அத்தகைய வாக்குமூலம் தம் முன்னிலையில் அளிக்கப்படவில்லையென நீதவான் மறுத்தார். ஆயினும் செய்தி பரந்துவிட்டது. கழுத்தை நெரித்துக் கொல்லப்பட்டாள் என்ற முதற் பரிசோதனையோடு அது பொருந்தவுமில்லை.

கதையின் மூன்றாம் பகுதி ஜனவரியில் வெளிவரவில்லை. ஒரு மாதந் தாழ்த்து 1843 பெப்ரவரியிலே வந்தது. குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் இடம் நெருங்கியபோது, பத்திரிகாசிரியர் குறிப்பென்ற பெயராலே சில பகுதிகளை விட்டுவிட்டதாகச் சொல்லிக் கதை நழுவுகின்றது.

1845ஆம் ஆண்டிலே தம் கதைகளை நூலாக்கிய எட்கார் இக்கதையையும் அதிற் சேர்த்தார். சேர்க்கும்போது அங்குமிங்கும் சில சொற்களை நீக்கியும் சில தொடர்களைப் புகுத்தியும், தவறணையினுள்ளே எதிர்பாராத மரணம் நேர்ந்திருக்கவும் கூடுமென்பதற்கு இடம்வைத்தார். அதன்மேல் அடிக்குறிப்பும் எழுதினார். பின்னர் வந்த வாக்குமூலங்கள் தம் முடிபையும் அதற்கு ஏதுவாகத் தாம் காட்டிய நுணுக்கங்களையும் முற்றாக உறுதிசெய்தன என்பது அக்குறிப்பின் சாரம். இரு பதிப்புகளையும் ஒப்புநோக்கிய விம்சற் என்னும் அறிஞர் 1941ஆம் ஆண்டிலும், வோல்ஷ் என்பவர் 1968ஆம் ஆண்டிலும் இந்த வரலாற்றை விரித்துக் காட்டினர். செய்தியைக் கண்டபின் திருத்திய ஒருவர், செய்திக்கு முன்பே கண்டறிந்தவர்போலத் தம்மைக் காட்டிக்கொண்டார்.

இது சிறு குற்றமன்று. புலவரின் கற்பனைக்கு எல்லையில்லை என்பது உண்மையே. ஆனால் மேரி றோஜர்ஸ் கற்பனையில்லை. விடுதி நடத்தி வயிறு வளர்த்த முதிய தாயொருத்தியின் மகள் அவள். அழகிய பெண்ணின் சாவே கவிதைக்கு மிக ஏற்ற பொருளென எட்கார் 1846ஆம் ஆண்டிலே ஒரு கட்டுரையிற் கூறினார். அக்கொள்கையைப் போற்றுவார் இறந்தவளுக்கும் ஓர் உரிமை உண்டென்பதை மறத்தலாகாது. தெரியாததைத் தெரியாது என்று நிறுத்தியிருப்பின், அக்கதை இன்னும் உயர்ந்திருக்கும் என்பது எமது துணிபு.

இறுதி நாட்கள்

1845ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த அண்டங்காக்கை பற்றிய கவிதை அவர் பெயரை நாடெங்கும் பரப்பியது. புகழ் வந்தது, பொருள் வரவில்லை. நியூயோர்க்கை அடுத்த போர்டம் என்னும் சிற்றூரிலே சிறு குடிலொன்றில் அவர் குடும்பம் தங்கியது. குளிர் தாங்கப் போதிய போர்வையின்றி, கணவரின் பழைய படைவீரர் மேலங்கியைப் போர்த்துக்கொண்டு, வீட்டுப் பூனையை நெஞ்சோடணைத்துச் சூடு பெற்றுக் கிடந்தார் வேர்ஜீனியா எனக் கண்டவர் எழுதிவைத்துள்ளார். 1847ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி, இருபத்துநான்கு வயதிலே, அவர் காலமானார்.

எட்கார் அதன்பின் மூன்றாண்டும் நிரம்ப வாழ்ந்தாரல்லர். 1849ஆம் ஆண்டிலே றிச்மண்டுக்குச் சென்று, இளமையில் விரும்பிய எல்மைரா என்பவரை மணக்க நிச்சயித்தார். செப்டெம்பர் 27ஆந் திகதி அங்கிருந்து புறப்பட்டார். ஒக்டோபர் 3ஆந் திகதி பால்ரிமோரிலே, வாக்குச் சாவடியாகவும் பயன்பட்ட தவறணையொன்றின் அருகே, அறிவு கலங்கிய நிலையிற் காணப்பட்டார். அன்று தேர்தல் நாள். அவர் உடுத்திருந்த ஆடை அவருடையதன்று எனக் கண்டவர் கருதினர். வைத்தியசாலையில் நான்கு நாட் கிடந்து, நடந்தது இதுவெனத் தெளிவாகச் சொல்லாமலே 7ஆந் திகதி உயிர்துறந்தார்.

மது என்றனர் சிலர். ஆட்களைப் பிடித்து மயக்கி, ஆடை மாற்றிக் கள்ள வாக்களிக்கச் செய்யும் கூட்டத்தின் கையில் அகப்பட்டார் என்றனர் சிலர். மூளை நோய் என்றும், விசர்நாய்க்கடி என்றும் மருத்துவர் பிற்காலத்திற் கூறினர். அந்த இடைநாட்களில் அவர் எங்கிருந்தார் என்பது இன்றும் துலங்கவில்லை.

அடக்கம் நடந்த மறுநாளே, கிறிஸ்வோல்ட் என்னும் எழுத்தாளர் லுட்விக் என்ற புனைபெயரிலே அவரை இழித்து ரிறிபியூன் பத்திரிகையில் எழுதினார். பின்னர் வாழ்க்கை வரலாறொன்றும் எழுதி, எட்காரின் கடிதங்களையே திரித்துச் சேர்த்தார். இறந்தவர் மறுமொழி சொல்ல இயலாமையால் அப்பொய் நெடுங்காலம் நிலைத்தது. கடிதங்களின் மூலப்படிகளை வைத்து அதனை முற்றாக வெளிப்படுத்தியவர் 1941ஆம் ஆண்டில் விரிவான வரலாறு எழுதிய குவின் என்னும் பேராசிரியர். அதற்குள்ளே தொண்ணூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன.

பால்ரிமோரில் அவர் கல்லறைமீது 1875ஆம் ஆண்டில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. 1885இல் வேர்ஜீனியாவின் எலும்புகளும் கொணர்ந்து அவரருகே வைக்கப்பட்டன. பிரான்சிலே போதலேர் செய்த மொழிபெயர்ப்புகளால் ஐரோப்பா முழுதும் அவரைக் கற்றது.

மரி றொஜேயின் கதையை மாணவர் படிக்கும்போது டுப்பானின் தருக்கத்தை வியப்பர், வியக்கத்தக்கதே அது. அதனோடு எட்கார் அழித்தெழுதிய இடங்களையும் அவர்கள் படித்தல் வேண்டும். அவர் குற்றத்தை எண்ணி அவரை இகழ்தற்காகவன்று. இறந்தவரைப் பற்றி எழுத எழுதுகோலை எடுக்கும் எவரும், கிறிஸ்வோல்டாக மாறாதிருக்க எவ்வளவு விழிப்பு வேண்டுமென்பதை அவ்விடங்கள் உணர்த்தும். ஜூலை மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை மேரி எங்கே சென்றாள் என்பதை எட்காரும் அறிந்தாரல்லர்; நாமும் அறியோம்.